மாதாவுக்கு ஸ்டிக்கர் இருக்கா?

தவக்காலம் தொடங்கிய அன்று, எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசி முடித்துவிட்டு ஃபாதர் எலியாஸ் கேட்டார்.

"இந்த வருஷம் யார் யார் எதை விடப்போறீங்க?"

மெலாய் குச்சி ஐஸை விடுவதாகச் சொன்னாள். அவள் தம்பி தோத்தோய், "நான் குளிக்கிறதை விட்டுடுறேன் ஃபாதர்" என்றான். கோயிலே சிரித்தது. முன்வரிசையில் இருந்த தோன்யா லூர்திங் அம்மையார் பன்றி வறுவலை விடுவதாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

"வாயைக் கட்டுறது சுலபம்," என்றார் ஃபாதர். "யாரோட வழியையாவது அடைச்சு வெச்சிருந்தா, அதையும் விட்டுடுங்க. அதுதான் கஷ்டம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தோன்யா லூர்திங்தான் பலமாக ஆட்டினார்.

அதே வாரம், அவர் தலைவியாக இருந்த புதுக் குடியிருப்பின் ஆற்றுப்பக்கக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் மட்டும் உள்ளே போகலாம். தள்ளுவண்டிகளுக்கு அனுமதியே இல்லை என்று பலகையும் வந்தது.

மெலாயின் அம்மா ஆற்றோரத்தில் இருந்து தள்ளுவண்டியில் இஞ்சிக் கஞ்சி கொண்டுபோய் விற்பவர். அந்தக் கேட்டைத் தாண்டினால் சந்தை கூப்பிடு தூரம்தான். இப்போது பெரிய சாலையைச் சுற்றித் தள்ள வேண்டியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் கஞ்சி ஆறிவிடும். ஆறின கஞ்சியை யார் வாங்குவார்கள்?

"இன்னைக்கும் நமக்குக் கஞ்சிதானா?" என்பான் தோத்தோய்.

அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றுவார். அவருடைய வீங்கிய கால்களைப் பார்க்கும்போது மெலாய்க்கு அழுகை அழுகையாக வரும்.

ஈஸ்டர் நெருங்கியது. அந்த ஊரில் ஈஸ்டர் விடியலில் ஆண்கள் உயிர்த்த இயேசுவோடு பெரிய கோயிலில் இருந்து வருவார்கள். பெண்கள் கறுப்பு முக்காடு போட்ட மாதாவோடு ஆற்றோரச் சிற்றாலயத்தில் இருந்து வருவார்கள். அம்மாவும் மகனும் சந்திக்கும் இடத்தில், பந்தல் மேல் சம்மனசாக, அதாவது தேவதூதராக, வேடமிட்டு நிற்கும் சிறுமி அந்த முக்காட்டை எடுக்க வேண்டும். அதுவும் சூரியன் வருவதற்குள். தவறினால் ஊருக்கு ஆகாது, விழாச் செலவை ஏற்றவருக்கு இன்னும் ஆகாது என்று பயப்படுவார்கள்.

இந்த வருஷம் செலவு தோன்யாவுடையது. சம்மனசு மெலாய். அவள் பாடினால் அக்கரை வரை கேட்கும்.

கோயில் முற்றத்தைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "எங்க குடியிருப்புக்குள்ளேயே பந்தல் போட்டுடலாம்," என்றார் தோன்யா. "மாதா தேருக்கு மட்டும் கேட்டைத் திறக்கச் சொல்லிடுறேன்."

ஆனால் ஈஸ்டருக்கு முதல் நாள் பார்த்தால், மாதாவின் தேரில் ஒரு சக்கரம் முழுக்கக் கரையான். பெண்கள் கையைப் பிசைந்தார்கள்.

"எங்கம்மா வண்டி இருக்கே," என்றாள் மெலாய்.

"கஞ்சி வண்டியிலயா?" என்றார் ஓர் அத்தை.

"மாட்டுத் தொழுவத்துல பிள்ளை பெத்தவங்கதானே அத்தை. ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அம்மா வண்டியைத் தேய்த்துக் கழுவினார். தென்னங்குருத்தும் மல்லிகையும் கட்டினார்கள். ஆற்றோரத்துப் பெண்கள் வலை கட்டுகிற முடிச்சுப் போட்டு, மாதாவை அசையாமல் நிறுத்தினார்கள்.

விடியலில் மெலாய் வெள்ளை உடுப்பும் அட்டைச் சிறகுமாகப் பந்தல் மேல் நின்றாள். ஆண்களும் இயேசுவும் வந்தாயிற்று. மாதாவைக் காணோம். மெலாய் எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம்.

"வண்டிக்கு ஸ்டிக்கர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் காவலாளி பெஞ்சோ.

"மாதாவுக்கு எதுக்குப்பா ஸ்டிக்கர்?" என்றார் மெலாயின் அம்மா.

"மாதாவுக்கு வேண்டாம்கா. தேரு வரும்னுதான் சொன்னாங்க. இது கஞ்சி வண்டி. உள்ளே விட்டா என் வேலை போயிடும்."

தோன்யா பந்தலடியில் இருந்து குரல் கொடுத்தார். "வண்டியை வெளியே விட்டுட்டு மாதாவை மட்டும் தூக்கிட்டு வாங்க."

முடிச்சை அவிழ்க்க நாலு பேர் முயன்றார்கள். அசைந்துகூடக் கொடுக்கவில்லை. கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"அப்போ பெரிய ரோட்டைச் சுத்தி வரச் சொல்லுங்க," என்றார் தோன்யா.

"சுத்தி வந்தா வெயில் வந்துடும் தோன்யா," என்றாள் மெலாய் மேலிருந்து. "எனக்குத் தெரியும். எங்கம்மா தினமும் அப்படித்தான் வர்றாங்க. கஞ்சியே ஆறிடுது."

தோன்யா திரும்பிப் பார்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் முக்காட்டோடு மாதா நின்றார். பக்கத்தில், வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, வீங்கிய கால்களோடு மெலாயின் அம்மா நின்றார். தோன்யாவுக்கு வெட்கமாகிவிட்டது. பன்றி வறுவலை விட்டதற்கா இத்தனை பெருமூச்சு விட்டோம் என்று நினைத்தார். விறுவிறுவென்று நடந்துபோய்த் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார்.

வண்டி கடகடவென்று உள்ளே வந்தது. மெலாய் குனிந்து முக்காட்டின் நுனியைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"தோன்யா, நாளைக்கும் கேட் திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும். நீ துணியை எடு."

"கஞ்சி வண்டிக்கும்?"

"கஞ்சி வண்டிக்கும்தான்டி. எடுடி கண்ணு, சூரியன் வருது."

ஃபாதர் எலியாஸ் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

முக்காடு விலகியது. மணிகள் அடித்தன. மெலாய் பாடியது அக்கரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை அம்மா நேர்வழியில் சந்தைக்குப் போனார். மூடியைத் திறந்தபோது ஆவி பறந்தது. தவக்காலம் முடிந்ததால் கஞ்சியில் கோழியும் இருந்தது. தோன்யா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, வண்டியின் முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்.

"எனக்கு?" என்றான் தோத்தோய்.

பெஞ்சோ அவன் நெற்றியில் ஒன்றை ஒட்டிவிட்டார். அன்று மாலை அம்மா வாளியில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபோது, தோத்தோய் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

"குளிச்சா உரிஞ்சிடும்மா. அப்புறம் என்னைக் கேட்ல விடமாட்டாங்க."

"இனிமே எல்லாரையும் விடுவாங்கடா," என்று சொல்லி, மெலாய் அவனைப் பிடித்து இழுத்துவந்து தலையில் தண்ணீரை ஊற்றினாள்.