நாற்பத்தொரு வசனங்கள்

கூட்டுக்குள் ஏறுவதற்கு முன் யாழ்மொழி அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஏறினால் நான்கு மணி நேரம் கதவு திறக்காது. அன்றும் முடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். உடம்பின் அசைவுகளை விளையாட்டுக்குள் கொண்டுபோகும் மெய்யுடையைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு, பன்னிரண்டாம் எண் கூட்டின் வாசலுக்கு வந்தாள். பக்கத்துப் பதின்மூன்றாம் கூட்டின் வாசலில் சாகுல் கையுறையை உதறிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இன்னிக்கு எத்தனை தடவை உங்கள இழுத்துட்டுப் போய் உள்ள தள்ளணும்?"

"மெதுவா தள்ளுப்பா. நேத்து தள்ளினதுல தோள்பட்டை இன்னும் வலிக்குது."

செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தக் கட்டடத்தில் இப்படி நாற்பது கூடுகள். 'வெண்கலக் கோட்டை' படத்தைப் பார்க்காதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. அதை வாளும் சாகசமுமாக ஒரு விளையாட்டாக்கியபோது, முதலில் எதிரிகளையும் கைதிகளையும் இயந்திர அறிவுதான் நடத்தியது. ஆட்டக்காரர்களுக்கு அது சீக்கிரமே சலித்துவிட்டது. எதிரில் நிற்பது உயிருள்ள மனிதர் என்று தெரிந்தால்தான் வாள் வீசுவதில் ருசி இருந்தது. அப்படி வந்ததுதான் உயிர்வேடம். ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு கூடு, கூட்டுக்குள் ஒரு ஆள். மேடை நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த யாழ்மொழி இங்கே நிலவறைச் சிறையில் அடைபட்ட வைத்தியர் செங்கமலம். சாகுல் அவளைக் காவல் காக்கும் வீரன்.

படத்தின் உரிமையாளர்கள் ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி தந்திருந்தார்கள். படத்தில் இல்லாத ஒரு சொல்லையும் எந்தப் பாத்திரமும் பேசக்கூடாது. அதைக் கவனித்துக்கொள்ள வசனக்காவல் இருந்தது. கூட்டில் வேலை செய்பவர்கள் 'லைன் கார்டு' என்பார்கள். சொந்தமாக எதைப் பேசினாலும் அது கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆட்டக்காரருக்கு மூச்சும் இருமலும் மட்டும் கேட்கும். ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தலாம், மாற்ற முடியாது. செங்கமலத்துக்குப் படத்தில் நாற்பத்தொரு வசனங்கள். காவலனுக்கு ஆறு.

பதினொரு மணி வாக்கில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. மெய்யுடையின் ஒயராக இருக்கும் என்று நினைத்து, மேற்பார்வையாளரை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கீழ்த்தளத்தில் குளிர்விக்கும் இயந்திரம் தீப்பற்றி, கட்டடத்தின் மின்சாரம் போய், அதை நம்பியிருந்த பூட்டுகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. விளையாட்டுக்கு மட்டும் தனி மின்கலம் இருந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் ஆட்டம் நடுவில் அறுந்துவிடக்கூடாது அல்லவா?

அதனால் அவள் கண்ணுக்கு முன்னால் நிலவறை எப்போதும்போலவே இருந்தது. தீப்பந்தங்கள் எரிந்தன. புகை மூக்கில் மட்டும் ஏறியது.

முதலில் வந்த ஆட்டக்காரன் வாளால் பூட்டை உடைத்தான்.

"தம்பி, இங்க நெஜமாவே தீ! யாரையாவது கூப்பிடுங்க!" என்று கத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே வசனத்துக்கு மாறினாள். "கதவைத் திற! மூச்சு முட்டுகிறது!"

அதைச் செங்கமலம் எல்லோரிடமும்தான் சொல்கிறாள். அவன் வைக்கோலுக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். இரண்டாவது ஆளும் அப்படியே.

மூன்றாவதாக வந்தவர் நின்றார். அவள் அவர் காலடியில் விழுந்து இருமினாள். "மூச்சு முட்டுகிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அருகில் உட்கார்ந்து இரண்டு நிமிடமாவது அவள் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காவலன் உள்ளே வந்தான். வழக்கமாக ஈட்டியை ஓங்கிக்கொண்டு வருபவன், இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நகராதே," என்றான். "நான் இங்கேதான் இருக்கிறேன்."

படத்தில் அது மிரட்டல். தினமும் நாற்பது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான். இப்போது இருமலுக்கு நடுவே, காய்ச்சலில் கிடப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்தாள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுத்துவது கையுறை வழியாக அவள் விரல்களுக்கு வந்தது.

நான்காவதாக ஒருவன் வந்து பூட்டை உடைத்தான். அவன் பெயர் இருதயராஜ், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், டீ குடிக்கும் நேரத்தில் ஆட வந்தவன் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. அவள் வெளியே ஓடவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் நின்று, "கதவைத் திற!" என்றாள்.

"தொறந்துதான கெடக்கு?"

இருபத்தேழாம் வசனம் நினைவுக்கு வந்தது. 'இந்தக் கோட்டையில் இல்லை, நீ தேடும் முத்திரை.' அவள் தன் நெஞ்சில் தட்டி, "இந்தக் கோட்டையில் இல்லை," என்பதோடு நிறுத்தினாள். மறுபடியும் தட்டினாள். "இந்தக் கோட்டையில் இல்லை. கதவைத் திற. மூச்சு முட்டுகிறது."

அவன் சிரித்தான். பிறகு சுவரோரம் சுருண்டிருந்த காவலனைப் பார்த்தான்.

"இவன் ஏன் என்னைய அடிக்க மாட்டேங்கான்?" வாளைத் தாழ்த்தினான். "எக்கா, நீங்க இந்தக் கோட்டையில இல்லன்னா... நெஜத்துல இருக்க எடத்தச் சொல்றியளா? அங்க பூட்டிக் கெடக்கா?"

தலையாட்டினாள்.

"பொகையா? தீயா?"

கழுத்து நோகும்வரை ஆட்டினாள். அடுத்த நொடி அவன் மறைந்துவிட்டான்.

சலிப்பு வந்தால் ஆட்டக்காரர்கள் இப்படித்தான் மறைவார்கள். அவள் திரும்பிவந்து சாகுல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நகராதே," என்றான் அவன். மீதியைச் சொல்லவில்லை. அவள் விரல்களில் இருந்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

எவ்வளவு நேரம் கழித்தோ கோடரி விழும் சத்தம் கேட்டது. நிலவறை நடுவே வெளிச்சம் பிளந்துகொண்டு வந்தது.

முப்பத்தொன்பது பேரை உயிரோடு தூக்கினார்கள். பதின்மூன்றாம் கூட்டைத் திறந்தபோது நேரம் கடந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. இருதயராஜ் முதலில் சொன்னான். விளையாட்டின் உதவி எண்ணுக்குப் பேசினானாம். 'கதாபாத்திரங்களுக்கு ஆபத்து நேராது, மகிழ்ந்து விளையாடுங்கள்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தில், "வெளையாடுறீங்களா?" என்று கேட்டார்கள்.

"நானும் வெளையாடல, அந்தக்காவும் வெளையாடலன்னேன் சார். அப்புறந்தான் வண்டி அனுப்புனாவ."

அடுத்து, மூன்றாவதாக வந்த அந்த ஆள். சேலத்தில் வரலாற்றுப் பேராசிரியர், ஆதிமூலம் என்று பெயர். யாரும் வற்புறுத்தாமல் அவராகவே வந்திருந்தார்.

"பதினொன்னு பதினாலுக்கு நீங்க செங்கமலம் பாத்திரத்துக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்க," என்றார் அதிகாரி. "எதுக்கு?"

"நடிப்புக்கு சார்."

யாழ்மொழி எழுந்தாள். பேசலாம் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

"ரெண்டு நிமிஷம் என் முகத்தையே பாத்தீங்க சார். ஒரு நொடிகூட இது நெஜமா இருக்குமோன்னு தோணலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தோணுச்சும்மா. அதனாலதான் அஞ்சு குடுத்தேன்."

யாழ்மொழிக்கு அவர்மீது பாய வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். அருகில் சாகுலின் மனைவி ரஹ்மத் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கக்கா," என்றாள் மெல்ல. "அந்த ஆட்டத்த வீட்டுத் திரையில போட்டுப் பாக்கலாம்ல? அன்னிக்கு நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்க வீட்டுக்காரரு இருமிக்கிட்டே வந்து உங்க பக்கத்துல உக்காந்தாரு. இன்னிக்கு என்னமா பண்றாரு பாருன்னு எங்க அம்மாவ வேற கூப்பிட்டுக் காட்டுனேன்."