காற்றுக்குக் கூசும் கூரை

முதல் சந்திப்பிலேயே யாராவது உங்கள் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்களா?

அவளுக்கு நடந்தது. ஏரிக்கரையில், சுற்றுலா வந்தவர்களின் கேரவன்கள் நிற்கும் மைதானம். மழை விட்டிருந்தது. பக்கத்து வண்டியைக் கடக்கும்போது நிழலுக்காக அதன் பக்கவாட்டில் நீட்டியிருந்த துணிக்கூரை தானாகச் சுருண்டு உள்ளே போக... தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க அவள் மேல்!

"ஐயோ, ஸாரிங்க! நான் தொடவே இல்ல... அதுவா மூடிக்குது!"

நனைந்த மூக்குக் கண்ணாடியில் அவன் பத்துப் பேராகத் தெரிந்தான். பத்துப் பேருமே அழகாக இருந்தார்கள்...

"பலமா காத்தடிச்சாத்தானே சென்சார் மூடும்?"

"இலை ஆடினாலே மூடுதுங்க. இத்தனைக்கும் மழை படாம பையக் கட்டி வச்சிருக்கேன்."

கூரையின் முன்கம்பியில் குட்டி சென்சார். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தது.

"அந்தப் பைதாங்க வினை. அது அடிக்கிற அடிய சென்சார் காத்துன்னு நெனச்சுக்குது. கழட்டுங்க, மழைய அது தாங்கும்."

"நான் பல் டாக்டருங்க. மெஷினெல்லாம் எனக்கும் தெரியும்."

ரோஷத்தோடு பைக்குள் கைவிட்டு, சென்சாரின் திருகைக் கடைசிவரை குறைத்தான். இனி எந்தக் காற்றுக்கும் கூரை மூடாது.

'திமிரைப் பாரு... சிரிச்சா மட்டும் குழி விழுது!'

அடுத்தடுத்த நாட்களில் சண்டை டீயானது. டீ, மணிக்கணக்கில் பேச்சானது. அவனைப் பிடித்திருக்கிறது என்று, கூட வந்திருந்த அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"துணியக் காப்பாத்தத் தெரியாதவன் உன்னைக் காப்பாத்துவானா? காலையில கிளம்புறோம்!"

அன்று மாலையே காற்று எழுந்தது. அவன் கூரை மூடவில்லை. உப்பியது... தையல் முனகியது. சுவிட்சைத் தட்டிக் கையாலேயே மூடிவிடலாம். ஆனால் அண்ணன் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே!

அவன் அவளைப் பார்த்தான். பையைப் பிய்த்து எறிந்தான்.

"எவ்ளோ திருப்பணும்... சொல்லுங்களேன்."

"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

அடுத்த காற்று வந்தது. கம்பி அதிர்ந்தது. கூரை அலுங்காமல் சுருண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அவள் துள்ளிக் குதித்தாள்.

"பாத்தியாண்ணா!"

"பையக் கட்டின ஆளுதானே..."

"போன வருஷம் நீயும்தான் பையக் கட்டி, திருகக் கொறச்ச. நம்ம கூரையே கிழிஞ்சுது. அண்ணி உன்னை விட்டுட்டா போயிட்டாங்க?"

அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"உங்கள... ரொம்பப் பிடிச்சிருக்குங்க," என்றான் அவன்.

"இதச் சொல்ல இவ்ளோ காத்தடிக்கணுமா? எனக்கும்தான்!"

மறுநாள் காலை அவள் தங்கள் வண்டியை ஓட்டினாள். பின்னால் அவன் வண்டி வந்தது. அதில், அவன் பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார்ந்து, தங்கள் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.