மஸ்கட்டுக்குப் போன மெயில்

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: தபால் துறையில் ஓய்வுபெற்ற ரெமிஜியஸ், மனைவி டோரீன், மகள் ஜோவிதா, மகன் லாயிட். பந்த் நாள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கடை திறக்கவில்லை, ஓர் ஆட்டோ ஓடவில்லை. கேட் உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

கணினியின் பின்புறம், இணைய வயரைச் செருகும் நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு சிமிட்டுவதை லாயிட்தான் பார்த்தான். அது சிமிட்ட வழியில்லை. கேபிள்காரன் கம்பத்திலிருந்து இழுத்துத் தந்த வயரைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

காலையில் அவன், கணினியை இயக்கும் லினக்ஸின் மையமான கெர்னலைத் தானே கட்டியிருந்தான். பழைய கணினி வேகமாக ஓடட்டும் என்று, தேவையில்லை எனத் தோன்றியதையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்கியபோது அந்தக் கார்டை இயக்கும் டிரைவரும் போய்விட்டது. முன்பிருந்த கெர்னலை வைத்திருந்தால் அதற்கே திரும்பியிருக்கலாம். தன் வேலையில் இருந்த கர்வத்தில் அதையும் அழித்திருந்தான். இணைப்புகளைக் கேட்டால் திரையில் ஒன்றே ஒன்று வந்தது: கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் இணைப்பு.

"ஓடிக்கிட்டிருந்த மெஷினை நோண்டிக் கெடுத்தியே இன்ஜினியரு," என்றாள் ஜோவிதா. சிரித்தாலும் அவள் விரல்கள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தன. "எனக்கு முப்பத்திரண்டுடா. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா என்னைக் கான்வென்ட்லதான் விடணும்."

"நாலு மணிக்குள்ள மெயில்ல குடும்ப விவரம் வரலைன்னா கோலார் பொண்ணைப் பேசி முடிச்சிடுவேன்னு ஓஸ்வால்ட் சொல்லிட்டாரு," என்றார் ரெமிஜியஸ். ஓஸ்வால்ட், ஜோவிதாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார்; மகனோடு மஸ்கட்டில் இருக்கிறார். "எவ்வளவு நேரம்?"

"அரை மணி, டாடி. டிரைவரைச் சேர்த்துத் திரும்பக் கட்டிக்கிட்டிருக்கேன்."

விவரத்தை ரெமிஜியஸ் சொல்லச் சொல்ல லாயிட்தான் தட்டச்சு செய்திருந்தான்; அனுப்புவதுதான் பாக்கி. பிள்ளைகள்: இருவர். அந்த இடத்தில் மட்டும் அவன் விரல் தயங்கியது. மூத்தவன் டொமினிக், தகப்பன் ஏற்காத பெண்ணை விரும்பியதற்காக வெளியேற்றப்பட்டு, ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு வாடகை அறையில் மஞ்சள்காமாலையோடு தனியாகக் கிடந்து இறந்தான். அடக்கத்துக்கு வீட்டிலிருந்து எவரும் போகவில்லை. குடும்பத்தின் பெயர் அப்படித்தான் காக்கப்பட்டது.

திரையில் வரிகள் மேலேறிக்கொண்டிருந்தன. மின்விசிறியின் கிறீச்சொலிக்கும், சமையலறையில் டோரீன் முணுமுணுத்த ஜெபமாலைக்கும் நடுவே, யாரோ சிரமப்பட்டு மூச்சிழுப்பது போன்ற ஓசை கணினிப் பெட்டிக்குள்ளிருந்து விட்டுவிட்டு வந்தது. சூடேறிய தூசியின் வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்தது. நாள்கணக்கில் ஜன்னல் திறக்காமல் நோயாளி படுத்துக்கிடந்த அறையின் வாசனை. லாயிட் எழுந்து ஜன்னலைத் திறந்தான். வாசனை போகவில்லை. பச்சை விளக்கு இப்போது விடாமல் துடித்தது.

தொலைபேசி அடித்தது.

ரெமிஜியஸ் எடுத்தார். தெருவில் சத்தமே இல்லாததால் ரிசீவரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மெயில் வந்துச்சு ரெமிஜியஸ். பிள்ளைங்க ரெண்டுன்னுதானே சொன்னீங்க? இதுல மூணுன்னு இருக்கே. யாரு டொமினிக்?"

ரெமிஜியஸ் லாயிட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இதோ இன்னொண்ணு வருது. தண்ணி கேட்டேன்னு எழுதியிருக்கு. இதென்ன விளையாட்டு?"

லாயிட் பாய்ந்து மின்வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது. பெட்டியின் விசிறி நின்றது.

"இன்னொண்ணு," என்றது ரிசீவர். "மூணு நாளு கேட்டேன், யாரும் வரலன்னு."

ஸ்க்ரூ டிரைவர். திருகுகளைக் கழற்றினான். மூடி தரையில் விழுந்தது. கார்டைப் பற்றி இழுத்தான். வரவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தான். வந்தது. உடம்புச் சூடாக இருந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு ரெமிஜியஸ். நிறுத்தச் சொல்லுங்க."

ஜோவிதா அலறினாள்.

சம்பந்தம் முறிந்துபோனது உண்மை. அக்காளுக்கு அமைந்ததைக் கெடுக்க லாயிட்தான் அந்த மெயில்களை எழுதினான் என்று பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். லாயிட்டின் இரண்டு கைகளிலும் அப்போது கார்டு இருந்தது. ஆளில்லாத மேசைமேல், உயிரற்ற கணினியின் விசைகள் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. அழுந்திய ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஈரம் படிந்தது.