நாற்பத்திரண்டு புள்ளடிகள்

விஜயலெட்சுமி கத்தவில்லை.

காலை ஐந்தே முக்கால். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சிமென்ட் தரையில் அவள் புருஷன் கஜேந்திரன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. குனிந்து கையைத் தொட்டாள்... ஜில்லென்று இருந்தது.

அப்போதும் கத்தவில்லை.

கத்தினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சுவரில் சாய்த்து வைத்திருந்த போர்டில் கை வைக்கும். மலைக்குளிரில் பெயின்ட் இன்னும் காயாமல் பிசுபிசுத்தது. அது அவன் கடைசியாகத் தொட்ட வேலை.

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்டின் மேல் போட்டு மறைத்தாள். தூக்கிக்கொண்டு தன் லயத்து வீட்டுக்கு நடந்தாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் சேர இன்னும் கால் மணி இருந்ததால் வழியில் ஒரு நாய் மட்டும்தான் பார்த்தது. போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் பொலிசுக்கு போன் போட்டாள்.

போனை வைத்த பிறகு அழுதாள்.

ஹல்துமுல்லைக்கு மேலே கருமலைத் தோட்டம். ஏழு மணிக்கு ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் சப் இன்ஸ்பெக்டர் நப்ரீஸ். பண்டாரவளையில் ஜவுளிக்கடைக்காரர் மகன், முப்பது வயது. தமிழ் ஆட்கள் செத்தால் அவனைத்தான் அனுப்புவார்கள்.

மடுவத்தைப் பார்த்துவிட்டு லயத்துக்கு வந்தான். விஜயலெட்சுமி கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்டை இழுத்தாள்.

நப்ரீசுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத ஏன்க்கா தூக்குனீங்க? இது தடயம். உங்களையே உள்ள போடலாம்."

"போடுங்க சார். நான் தூக்காட்டி இந்நேரம் நாப்பது பேரு கைரேகை இதுல இருந்திருக்கும்."

போர்டைப் பார்த்தான். நாலடி பலகை. வெள்ளைப் பூச்சு. நடுவில் சிவப்பில் பெரிதாக ஒரே ஒரு எக்ஸ். கீழே முக்கால்வாசி இடம் காலி.

"என்ன எக்ஸ் இது?"

"எக்ஸ் இல்ல சார். புள்ளடி. ஓட்டுச் சீட்டுல போடுவோமே, அது."

பிரதேச சபைத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. கஜேந்திரன் போர்டு எழுதுபவன். ஊவா மாகாணத்தில் எந்தக் கட்சிச் சின்னமானாலும் அவன் பிரஷ்தான் வரையும். எல்லாச் சின்னத்தையும் வரைவான், எதையும் நம்ப மாட்டான். ஆகவே இது தேர்தல் போர்டு, எதிர்க்கட்சிக்காரன் எவனோ அடித்திருக்கிறான் என்று நப்ரீஸ் ஒரு முடிவுக்கு வந்தான். முடிவுக்கு வருவதில் பொலிஸ்காரர்களுக்கு ஈடு கிடையாது.

விஜயலெட்சுமி பெயின்ட் பெட்டியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள்.

"இத வாசிங்க சார். அவருக்கு இது ஒரு கிறுக்கு. வரையுற சின்னத்துக்கெல்லாம் பேரு எங்கருந்து வந்துச்சுன்னு தேடித் தேடி எழுதுவாரு."

கொப்பியில் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

'சின்னம்: வடமொழிச் சொல், வீடு மாறி வந்தது. தேர்தல் காலத்தில் மட்டும் நம் லயத்துக்கு வரும்.'

'முத்திரை: அதுவும் வடமொழி. சாமி கையில் இருந்தால் கும்பிடுவோம். தபாலில் இருந்தால் நக்கி ஒட்டுவோம்.'

நப்ரீசுக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீடு என்று அடக்கிக்கொண்டான்.

'இலச்சினை: முன்பு ராசாவின் மோதிரத்தில். இப்போது கம்பனியின் தேயிலைப் பெட்டியில்.'

'குறி: மாட்டின் தொடையில் சுடுவது. வில்லை: வட்டமாக வெட்டிய தகடு. எங்கள் பூட்டன் கப்பலில் வந்தபோது கழுத்தில் தொங்கியது, நம்பர் அடித்து. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மாட்டுக்கு வலித்தது வெளியே தெரிந்தது.'

அதற்குக் கீழே இன்னொரு வரி. 'அதனால் கொழுந்துச் சாக்கில் இனி குறி போட மாட்டேன். பேர் எழுதுவேன்.'

"எழுதுனாரா?"

"கீழ் லயம் நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் எழுதுனாரு. மாரியாயி அக்காவுக்கு எழுத்தே தெரியாது. சாக்குல இருந்த தன் பேரப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிடுச்சு. கடைசிப் பக்கத்தப் பாருங்க சார்."

கடைசிப் பக்கம் முந்தாநாள் எழுதியது.

'புள்ளடி: புள் என்றால் பறவை. அடி என்றால் கால். சேற்றில் குருவி நடந்தால் விழும் தடம். குருவி பறந்துவிடும். தடத்தை மட்டும் எண்ணிக்கொள்வார்கள். பதுளை அரசாங்கக் கச்சேரியில் ஒரு கடிதம் பார்த்தேன். எங்களுக்கு ஏழாம் நம்பர் மலை வேண்டாமாம். கீழ் லயத்து ஆட்கள் கொடுத்ததாம். நாற்பத்திரண்டு பேர். கையெழுத்துக்குப் பதில் நாற்பத்திரண்டு புள்ளடி. எங்கள் லயத்தில் புள்ளடி போடுகிற கை எது?'

விஷயம் இதுதான். கீழ் லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. வெடிப்பில் ஒரு முழங்கை இறங்கும். மீரியபெத்த மண்சரிவில் மண்ணுக்குள் போனவர்களுக்கு இந்த லயத்திலும் உறவு உண்டு. அதனால் மழை பெய்தால் ஒருவரும் தூங்குவதில்லை. இரண்டு வருடம் மனுக் கொடுத்து, ஏழாம் நம்பர் மலையில் வீடு கட்ட இடம் ஒதுக்கவைத்தார்கள். அதே மலை மேல் ஒரு சுற்றுலா ஹோட்டல் கம்பனிக்கும் கண். கடைசி விசாரணை... இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, பதுளையில்.

அந்தக் கடிதம் செல்லும் என்று ஆகிவிட்டால் நாற்பத்திரண்டு குடும்பமும் வெடித்த மலைக்குக் கீழேயே கிடக்க வேண்டியதுதான்.

"கடிதத்தப் பத்தி யார்கிட்டயாவது சொன்னாரா?"

"பெரிய ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன், சாயங்காலம் மடுவத்துக்கு வந்து பேசுறேன்னிருக்காருன்னாரு. பேரு சொல்லல. ராத்திரி வரலன்னதும் டவுன்ல போர்டு வேலையாக்கும்னு இருந்துட்டேன் சார். தேர்தல் வந்தா அப்படித்தான் அங்கயே தங்கிடுவாரு."

கஜேந்திரனின் போனையும் காணவில்லை.

நப்ரீஸ் போர்டைப் படங்கால் மூடி, பின்வழியாக எடுத்துப்போய் ஜீப்பில் ஏற்றினான்.

"இந்த போர்ட பார்த்தது நீங்களும் நானும். அப்புறம் அடிச்சவன். வேற யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

ஒன்பது மணிக்கு வெள்ளை வாகனம் ஒன்று கொடி படபடக்க ஏறி வந்தது. தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் சதீஸ்குமார். பதுளையில் மாடி வீடு. லயத்துக் காம்பராவுக்குள் அவர் கால் வைத்தது போன தேர்தலில்.

வந்தார். அழுதார். நன்றாகவே அழுதார். பிரேதத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள், ஆனாலும் மடுவத்துக்குள் போகப் பொலிஸ் விடவில்லை, வாசலில் நின்றே கும்பிட்டார். இது தோட்டத்துத் துரைமாரின் வேலை, தோட்டத் தமிழன் உயிர் அவ்வளவு மலிவா என்று கேட்டார். கூட்டம் கொதித்தது.

பிறகு விஜயலெட்சுமியின் தலையில் கை வைத்து, விசாரணைக்கு யாரும் வர வேண்டாம், துக்க வீட்டைப் பாருங்கள், எல்லோருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

"நாங்களும் வர்றோம் தலைவரே."

"தங்கச்சி... புருஷன் பிரேதம் ஆஸ்பத்திரில கெடக்கு."

"அவரு எங்கயும் போயிட மாட்டாரு. ரெண்டு மணிதான் போயிடும்."

கூட்டத்தில் நின்ற மாரியாயி முதலில் நகர்ந்தாள். எழுபத்தொரு வயது. மாட்டியிருந்த கொழுந்துச் சாக்கைக்கூடக் கழற்றவில்லை. அவள் பின்னால் மற்றவர்களும், சாக்கோடு. வெலிமடையில் லீக்ஸ் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்று ரோட்டில் அகப்பட்டது. டிரைவர் பலீல் விஷயத்தைக் கேட்டதும் பின்கதவைத் திறந்துவிட்டான்.

பதுளை கச்சேரி வாசலில் காவலாளி மறித்தான். கொடிக்கு அனுமதி இல்லை, பதாகைக்கு அனுமதி இல்லை. சாக்குக்கு அனுமதி இல்லை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நாற்பத்திரண்டு சாக்கு உள்ளே போனது, நாற்பத்திரண்டு பேரோடு.

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். முதல் வரிசையில் தலைவர். கடைசி வரிசையில், சாதாரண உடுப்பில் நப்ரீஸ்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தபாலில் இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது, தலைவரின் கருத்து என்ன?

தலைவர் எழுந்தார். கொதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"என்ன செய்யிறது மேடம்... பொறந்த எடத்த விட்டுப் போக மனசில்லாத சனங்க. பாவம், எழுதப் படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி புள்ளடி போட்டுக் குடுத்திருக்காங்க. அவங்க முடிவ நான் மதிக்கிறேன்."

காலையில் அழுத அதே வாய்.

விஜயலெட்சுமி எழுந்தாள்.

"அதுல என் பேரு எத்தனாவது?"

அதிகாரி விரலால் தேடினார். பதினேழு.

"அந்தப் புள்ளடி என்னோடது இல்ல. பேனா குடுங்க."

மேசை வரைக்கும் நடந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு, சிங்களத்திலேயே அதிகாரியைக் கேட்டாள்.

"எந்த மொழில போடணும் மேடம்? மூணும் தெரியும். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிட்டுத்தான் கொழுந்தெடுக்கிறேன். வேலை குடுக்கத்தான் ஆளில்ல."

மூன்றிலும் போட்டாள்.

அடுத்து ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். கடைசியில் மாரியாயி. தோள் சாக்கைக் கழற்றி மேசையில் விரித்தாள். அதில் இருந்த பேரை ஒருமுறை பார்த்தாள். மா... ரி... யா... யி. நாலு எழுத்துக்கு ஒன்றரை நிமிடம். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தாள்.

"தெரியாதுன்னீங்களே."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கடிதம் செல்லாது என்று எழுதி, நாற்பத்திரண்டு கையெழுத்தையும் அதன் மேல் வைத்துக் கோர்த்தார்.

தலைவருக்கு வியர்த்துவிட்டது. வியர்த்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப என்னையும் ஏமாத்திட்டான். அந்தக் கஜேந்திரன் வேலைதான் இது. எல்லாக் கட்சிக்கும் வரைஞ்சவன்தானே. சாகும்போதுகூட எவனுக்கோ தேர்தல் போர்டு எழுதிக்கிட்டுத்தான் செத்திருக்கான், பெருசா ஒரு சிவப்புப் புள்ளடி போட்டு."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"எந்த போர்டு தலைவரே?"

நப்ரீஸ் நடந்து வந்தான்.

"அதான்... மடுவத்துல, செவுத்துல சாய்ச்சு..."

"நீங்க மடுவத்துக்குள்ள போகலையே."

"சனங்க சொன்னாங்க."

நப்ரீஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அந்த போர்டைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னான்.

விஜயலெட்சுமியின் கை மட்டும் உயர்ந்தது. வேறு கை இல்லை. அப்புறம் அவன் தன் கையையும் தூக்கினான்.

"ரெண்டு பேரு. மூணாவது கையத்தான் காலைலருந்து தேடிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் தூக்குறீங்களா?"

சதீஸ்குமார் வாசலைப் பார்த்தார். வாசலில் மற்ற நாற்பது சாக்குகளும் நின்றன.

இனி 'அவர்' எதற்கு? அவன்.

வெள்ளை வாகனத்தின் சீட்டுக்கு அடியில் கஜேந்திரனின் போன் கிடைத்தது. அதன் முதுகில் சிவப்புப் பெயின்டில் ஒரு கட்டைவிரல் ரேகை அழகாக விழுந்திருந்தது. கஜேந்திரனின் விரல் இல்லை.

பதுளை பொலிஸ் ஸ்டேஷனில் சதீஸ்குமார் எல்லாவற்றையும் கக்கினான். ஏழாம் நம்பர் மலையை வாங்கித் தருவதாக ஹோட்டல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தது, நாற்பத்திரண்டு புள்ளடியையும் ஒரே இருப்பில் உட்கார்ந்து போட்டது. கஜேந்திரன் அவனை நம்பித்தான் போன் போட்டிருக்கிறான். மடுவத்துக்குப் போய் இவன் விட்டுவிடு என்று சொன்னதற்கு, நாளைக்கு கச்சேரியில் போர்டு பிடிப்போம் தலைவரே, நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று பிரஷ்ஷைத் தோய்த்திருக்கிறான். அப்போதுதான் அடி.

"அப்ப அந்த போர்ட ஏன் விட்டுட்டு வந்தீங்க?" என்று நப்ரீஸ் கேட்டான்.

"புள்ளடி மட்டுந்தானே இருந்திச்சு. பார்க்குறவங்க தேர்தல் போர்டுன்னு நெனப்பாங்கன்னு..."

புள்ளடியைக் கண்டால் அவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. தேர்தலுக்குத் தேர்தல் லயத்துக்கு வந்து அவன் கேட்டது அது ஒன்றைத்தான். அதன் கீழே கஜேந்திரன் எழுதவிருந்த வரி கொப்பியின் பின்அட்டையில் இருந்தது: 'இது எங்கள் கையெழுத்து அல்ல.'

வாக்குமூலம் மூன்று பக்கம் வந்தது. நப்ரீஸ் பேனாவை நீட்டினான்.

சதீஸ்குமார் வாங்கினான். முதல் எழுத்து கோணியது. அடித்துவிட்டு மறுபடி தொடங்கினான். அதுவும் கோணியது.

பக்கத்து மேசையில் தன் வாக்குமூலத்துக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள் விஜயலெட்சுமி. ஆஸ்பத்திரிக்குப் போக எழுந்தவள், ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"வரலன்னா விடுங்க தலைவரே. ஒரு புள்ளடி போடுங்க, போதும்."