வெறும் எட்டு

"நாளை மறுநாள் விசாரணை சார். லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்கன்னா எனக்கு வேற தொழில் தெரியாது" என்றாள் டெஸ்டர் அக்கா. கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அந்த வட்டாரத்தில் உரிமம் பெற்ற ஒரே வயர்மேன் அவள்தான். வயர்வுமன் என்று திருத்தியவர்கள் தங்கள் வீட்டு ஃப்யூஸைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற மின் ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தில் அவருடைய மச்சான் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தார். துப்பறிவதில் காட்டிய அக்கறையில் பாதியைக் காட்டியிருந்தால், அவருடைய ஜெராக்ஸ் கடை இன்னும் திறந்திருக்கும்.

விஷயம் இதுதான். ஒரு புதிய கோழிப்பண்ணைக் கொட்டகையில் குழி தோண்டி எர்த் போடவில்லை. அதனால் வேலை முடிந்ததற்கான அறிக்கையில் கையெழுத்திட அக்கா மறுத்துவிட்டாள். பத்து நாளில் அவள் கையெழுத்தும் முத்திரையுமாக ஓர் அறிக்கை மின் அலுவலகத்துக்குப் போனது, இணைப்பும் வந்தது. போன வாரம் மோட்டாரைத் தொட்ட பண்ணைக்காரரின் தம்பி தூக்கி எறியப்பட்டார். கை கருகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"உன் பழைய அறிக்கை யாருகிட்டம்மா இருக்கு?"

"பழைய கொட்டகைக்குக் குடுத்தது பண்ணைக்காரர்கிட்ட இருக்கு. அதை மாதிரிக்குன்னு கட்டட காண்ட்ராக்டரும் வாங்கிப் பார்த்தார். வயரிங் பண்ண என் பழைய அசிஸ்டென்ட்டும் பார்த்தான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது."

"அவன்தான்" என்று மச்சான் நோட்டை மூடினார்.

"பேனா மூடியையும் போட்டுடாதே" என்றார் ஆய்வாளர். இரண்டு அறிக்கைகளின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் தட்டச்சு செய்தவை. கையெழுத்து அச்சு அசலாக ஒன்றாக இருந்தது; கண்ணாடியில் வைத்து வரைந்தால்தான் அப்படி வரும். 'எர்த் கம்பி' என்ற வரியில் அவர் விரல் நின்றது. பழையதில் 8. புதியதில் 8 எம்.எம்.

"பழசுல வெறும் எட்டுன்னு போட்டிருக்கியே?"

"எட்டாம் நம்பர் கம்பி சார். அதுக்கு மேல என்ன எழுதணும்?"

மறுநாள் காலை பண்ணைக்குப் போனார்கள். பழைய அறிக்கையைப் பார்த்திருந்த மூன்று பேரையும் ஆய்வாளர் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எனக்கு எட்டு கம்பி ஒரு துண்டு வேணும்."

பண்ணைக்காரர் விழித்தார். "எட்டு கம்பியா, எட்டடிக் கம்பியா?" அசிஸ்டென்ட் தன் பையிலிருந்து மெல்லிய, வெள்ளி நிறக் கம்பிச் சுருளை எடுத்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தான். காண்ட்ராக்டர் கொட்டகைக்குப் பின்னால் போய், தூணுக்கு வளையம் கட்டும் கம்பியில் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். விரல் தடிமன் இல்லாவிட்டாலும் வளைக்கக் கை வலிக்கும்.

எல்லோரையும் நிழலில் உட்காரவைத்து ஆய்வாளர் இரண்டு கம்பிகளையும் மேசைமேல் வைத்தார்.

"எங்க தொழில்ல எட்டுன்னா நம்பர். நாலு எம்.எம். தடிமன்தான் இருக்கும். பக்கத்துல எம்.எம். போட எந்த வயர்மேனுக்கும் கை வராது, லைசென்ஸ் இருந்தாலும் இல்லாட்டாலும். பண்ணைக்காரருக்கு எதுவும் தெரியாததால பார்த்ததை அப்படியே எழுதியிருப்பார். எட்டைப் பார்த்ததும், 'அடடா, எம்.எம். போட மறந்துட்டாங்களே'ன்னு திருத்தத் தோணுறது ஒருத்தருக்குத்தான். தினமும் எட்டு எம்.எம். கம்பியில புழங்குறவருக்கு."

மச்சான் ஓசைப்படாமல் நோட்டில் ஒரு பெயரை அடித்தார்.

காண்ட்ராக்டர் தன் கம்பித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "குஞ்சு வண்டி வர்ற தேதி சொல்லிட்டாங்க. கரண்ட் இல்லாம கொட்டகையை எப்படி ஒப்படைக்கிறது? ஒரு குழி தோண்டாததுக்கு இவ்வளவு ஆகும்னு நினைக்கல" என்றார்.

"இதை அப்படியே எழுதிக் கொடுங்க. விசாரணையில வைக்கணும்" என்றார் ஆய்வாளர்.

காண்ட்ராக்டர் எழுதி முடித்ததும் அக்கா எழுந்து வந்தாள். தாளை வாங்கி, புதிய அறிக்கையின் அடியில் இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"ஒரு சுழி விடாம, பொறுமையா உக்காந்து போட்டிருக்கீங்க" என்றாள். "அந்த நேரத்துல குழியைத் தோண்டியிருக்கலாம்."