மைக் இல்லாத அழைப்பு

மைக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகும் திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஆடிக்கொண்டிருந்தது. யாரோ நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல ஏறி இறங்கியது.

மாலை நாலு மணி, அவர் வீட்டில் தனியாக இருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கருப்புத்திரை’. எல்லாவற்றையும் கருப்புத் திரையில் கட்டளையாகத் தட்டுவார்; மவுசைத் தொடுவது கைநாட்டுகளின் வேலை என்பார். லினக்ஸ் இயங்குதளம் தவிர வேறெதுவும் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அவர் போட்ட சட்டத்தில்தான் கடைசிச் சண்டை வெடித்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இவருடைய போன் நம்பரையும் தடுத்துவிட்டாள். தினமும் நாலு மணிக்கு, இவர் பீற்றிக்கொள்ளும் லினக்ஸ் அழைப்பு மென்பொருளிலேயே பேசட்டும், பேச்சு மனுஷத்தனமாக இருந்தால் திரும்பி வருவதாகக் நிபந்தனை வைத்திருந்தாள்.

மூன்று நாளாக அவள் குரல் இங்கே வந்தது. இவர் குரல் போன அறிகுறி இல்லை. கணினியில் அவர் புதிதாக ஏற்றிய ஒலி அமைப்புக்கும் இந்த மென்பொருளுக்கும் ஏழாம் பொருத்தம். மைக் என்று ஒன்றே இல்லை எனச் சாதித்தது கணினி. ஊருக்கே பாடம் எடுப்பவர் இன்னொருவரிடம் போய்க் கேட்பதா? ‘எது விசித்திரமாக இருந்தாலும் மென்பொருள் கோளாறு, கண்டுகொள்ளாதே’ என்று அழைப்புத் திரையின் எழுத்துப் பெட்டியில் அவளுக்கு எழுதி அனுப்பியதோடு சரி. அவளும் குறை சொல்லவில்லை. தன் மௌனத்தை ரசிக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாளான இன்று இயர்போனில் அவள் சிரித்தாள்.

“நீங்க இவ்வளவு பொறுமையா பேசுவீங்களா? நாலு நாளா வேற ஆள் மாதிரி இருக்கீங்க.”

அவர் வாயே திறக்கவில்லை. கணினி விசிறியின் இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, விசைப்பலகைமேல் மெல்ல நீண்டு வந்த ஜன்னல் கம்பிகளின் நிழல், இவற்றுக்கு நடுவே பச்சைக் கோடு மட்டும் ஓயாமல் ஏறி இறங்க, அவள் அதற்கு ‘ம்ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தினார். அவள் ‘ம்ம்’ கொட்டுவது நிற்கவில்லை. அழைப்பைத் துண்டித்தால் இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். எழுத்துப் பெட்டியில் தட்டினார்: ‘பேசுறது நான் இல்ல.’

“இதென்னங்க, பேசுறது நான் இல்லன்னு வந்திருக்கு?” ஓர் இடைவெளி. கோடு குதித்தது. “ஓ, கோளாறா? நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே.”

மறுபடி தட்டினார். மறுபடி. அவள் படிக்கவில்லை.

“அண்ணன் இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்.” இடைவெளி. “இப்பவேவா? நிஜமாவா?” குரல் குழைந்தது. “பாப்பா, அப்பா வாசல்ல நிக்கிறாராம். போய்க் கதவத் தொற.”

சின்னப் பாதங்கள் ஓடின.

தாழ்ப்பாள்.

“அப்பா…” என்று தொடங்கிய மகள் முடிக்கவில்லை. மனைவியின் நாற்காலி உருண்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை.

காலடிகள் கணினியை நோக்கி வந்தன. விழுந்த நாற்காலியை யாரோ நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்கள். காதுக்கு வெகு அருகே, இவருடைய குரலிலேயே, மிகப் பொறுமையாக ஒரு கேள்வி வந்தது.

“இப்ப நல்லா கேக்குதா?”