மாவில் முட்டை வைத்தது யார்?

"ஐயோ...! அம்மா...!"

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் காலை இரைச்சலை மீறிக் கேட்டது அந்த அலறல்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய மானசா, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடினாள். அலறல் வந்தது அவள் வேலை பார்க்கும் கம்பெனி வாசலிலிருந்து!

'வெண்பஞ்சு இட்லி மாவு - சுத்த சைவம்' என்ற போர்டுக்குக் கீழே ஒருவர் மல்லாந்து கிடந்தார்.

காத்தவராயன்! மாவு அரைக்கும் பிரிவின் மேஸ்திரி.

தலையிலிருந்து கழுத்துவரை ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

ரத்தம்...?

இல்லை. மஞ்சள்!

"காத்தவராயன்! என்னாச்சு?"

ஒரு கண் மட்டும் திறந்தது.

"செத்துட்டேனா மேடம்?"

"பேசறீங்களே! எழுந்திருங்க."

"பைக்குல ரெண்டு பசங்க... முட்டையால அடிச்சானுவ மேடம். வழுக்கி வுழுந்துட்டேன்."

நவராத்திரி முதல் நாள். டெல்லியில் பாதிப் பேர் வெங்காயத்தையே ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். அந்தப் பையன்களுக்கு முட்டை எங்கே கிடைத்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்!

"எதுக்கு அடிச்சாங்க?"

"நம்ம மாவுல முட்டை இருக்குதாம் மேடம்!"

மானசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போனைப் பார்த்தாள். வாட்ஸப் முழுக்க ஒரே படம். வெண்பஞ்சு பாக்கெட். மேலே சிவப்பில் கொட்டை எழுத்து... 'EGG IN IDLI BATTER!'

உள்ளே ஓடினாள்.

உள்ளே எம்.டி. பாலசுப்ரமணியம் இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்து டெல்லிக்கே இட்லி ருசி காட்டியவர். மாவு விஷயத்தில் புலி. மற்ற விஷயங்களில்... வேண்டாம், மானசாவுக்குச் சம்பளம் கொடுப்பவர்.

"நஹி! நஹி! ராங் நம்பர்!"

கட் செய்தார்.

"சார், கஸ்டமர் போனையா ராங் நம்பர்னு கட் பண்றீங்க?"

"காலைலேர்ந்து ஹிந்தில கத்தறாங்கம்மா. எல்லாத்தையும் கட் பண்ணிட்டேன். விஷயம் முடிஞ்சுது!"

"முடியல சார். இப்பதான் ஆரம்பம். பொறுப்பா ஒருத்தர் பதில் சொல்லணும். அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

"நீயா? பொங்கலுக்கு வாழ்த்து கார்டு அடிக்கிற. சந்தோஷம். இது பிசினஸ்மா!"

மானசாவின் விசிட்டிங் கார்டில் 'கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்' என்று போட்டிருந்தது. எம்.டி.யின் அகராதியில் அதற்கு 'வாழ்த்து கார்டு' என்று பொருள். அவளுக்கு வந்த கோபத்தில் தோசைக்கல் தேவையில்லாமலே தோசை சுட்டிருக்கலாம்.

"அச்சா... இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"குற்றவாளியப் பிடிச்சாச்சு!"

"யாரு?"

"காத்தவராயன்! இந்தக் கம்பெனில முட்டை சாப்பிடறவன் அவன் ஒருத்தன்தான். போன வாரம் தள்ளுவண்டில ஆம்லெட் தின்னதை நானே பாத்தேன். போலீஸுக்குச் சொல்லிட்டேன். டிவிக்காரங்களுக்கும் சொல்லிட்டேன். அவங்க முன்னாடி அவனைப் பிடிச்சுக் குடுக்கறேன்!"

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. பின்னாலேயே இரண்டு சேனல் வேன்கள்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த காத்தவராயன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்லெட்டு வயித்துக்குள்ளதானே மேடம் போச்சு, மாவுக்குள்ள எப்படிப் போகும்? எம் பொண்ணு கிட்வாய் நகர்ல படிக்குது. டிவில என் மூஞ்சியத் திருடன் மாதிரி காட்டுனா அது எப்படி நாளைக்கு ஸ்கூல் வாசல் மிதிக்கும்?"

மானசா அவருக்கு முன்னால் போய் நின்றாள். இந்த மனுஷரை ஜீப்பில் ஏற்ற விடக்கூடாது. என்ன ஆனாலும் சரி!

"சார்! இவரைப் பிடிச்சுக் குடுத்தா, மாவுல முட்டை இருக்குன்னு நீங்களே முத்திரை குத்தின மாதிரி!"

"அட..."

"மாவு புளிச்சா கீழ கொட்டிட்டு வேற அரைச்சுக்கலாம். பேர் புளிச்சுப் போனா?"

எம்.டி. வாயைத் திறந்தார். அதற்குள் மறுபடி போன்.

டிரிங்...!

கட் செய்யப்போன கையிலிருந்து மானசா போனைப் பிடுங்கினாள்.

மறுமுனையில் கரோல் பாக்கிலிருந்து ஒரு பெண்மணி. ஹிந்தியில் அர்ச்சனை! மானசா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தம்மாள் மூச்சு வாங்கியபோது மெதுவாகக் கேட்டாள்.

"நியாயம் ஆன்ட்டி. நானா இருந்தாலும் திட்டியிருப்பேன். ஒண்ணே ஒண்ணு... யார் சொன்னாங்க உங்களுக்கு?"

பதில் வந்தது.

மானசாவின் முகம் வெளுத்தது.

"என்னம்மா? எவன் அந்த அயோக்கியன்?" எம்.டி. துள்ளினார். "போட்டிக் கம்பெனிக்காரனா?"

"வீடியோ அனுப்பறாங்களாம் சார்."

அதே நேரத்தில் உள்ளே நுழைந்தார் சப்-இன்ஸ்பெக்டர் தஹியா. ஹரியானாக்காரர். அவர் பேசியது ஹிந்தி. நம் வசதிக்குத் தமிழிலேயே கேட்போம்.

"எங்கே குற்றவாளி?"

"ஒரு நிமிஷம் சார். இதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

மானசா வீடியோவைத் தட்டினாள்.

திரையில்... பட்டு ஜிப்பா! நெற்றியில் விபூதி! எதிரே ஒரு ஹிந்தி சாப்பாட்டு சேனலின் மைக்!

சாட்சாத் பாலசுப்ரமணியம்!

"சார்... பேட்டி குடுத்தீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நேத்து வந்தாங்க. ரெண்டு வார்த்தை பேசறதுக்கு உன்கிட்ட வேற கேக்கணுமா?"

திரையில் எம்.டி. மார்பை நிமிர்த்திக்கொண்டு முழங்கினார்.

"ஹமாரா ஸப் மாவு... ஏக் ஹீ அண்டா மே பன்தா ஹை! பஹுத் படா அண்டா! மேரே தாதாஜி கா அண்டா! சாலீஸ் ஸால் புரானா அண்டா!"

பேட்டி எடுத்த பெண்ணின் கண்கள் விரிந்தன. "அண்டா...?"

"ஹான் ஹான்! அண்டா நஹி, தோ இட்லி நஹி!"

எல்லா மாவும் தாத்தாவின் நாற்பது வருஷ அண்டாவில்தானாம்; அண்டா இல்லையேல் இட்லியே இல்லையாம்! வீடியோ முடிந்தது.

தஹியா நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"வாக்குமூலம்!" என்றார் தஹியா. "தாத்தா காலத்து முட்டை! நாற்பது வருஷம் பழசு! இட்லியிலா போட்டீர்கள்?"

கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த மானசாவின் மூளை எதையும் முதலில் ஹிந்தியில்தான் கேட்கும். அவளுக்குத் தலை சுற்றியது.

"சார்... நீங்களே அண்டான்னு சொல்லிட்டீங்களே!"

"ஆமா, அண்டாதான்! இதுல என்னம்மா தப்பு? தாத்தா அண்டாவை நான் எதுக்கு மறைக்கணும்? பித்தளை அண்டா!"

பித்தளை...!

மானசா நெற்றியில் அறைந்துகொண்டாள். அடுத்த நொடி, சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சார்... முட்டைக்கு ஹிந்தில என்னன்னு சொல்லுங்க!"

"எனக்கெப்படித் தெரியும்? பொறந்ததுலேர்ந்து நான் முட்டை வாங்கினதே இல்லையே!"

"அண்டா சார்! அண்டா!"

எம்.டி. முகத்திலிருந்த ரத்தம் மொத்தமும் எங்கோ டூர் போய்விட்டது.

"முருகா... அப்ப நான்...?"

"டெல்லி முழுக்க, உங்க தாத்தா முட்டைலதான் மாவு அரைக்கிறோம்னு சொல்லிட்டீங்க!"

நாற்காலியில் தொப்பென்று விழுந்தார் எம்.டி.

"இவனை மாட்டிவிடப் பாத்தேனே... பாவி நான்! காத்தவராயா, மன்னிச்சுடுப்பா."

"அதை அப்புறம் ஒக்காந்து பேசிக்கலாம் மொதலாளி. மேடம், நான் என்ன செய்யணும்?"

"அண்டாவைப் பிடிங்க!"

டம... டம... டமார்!

காத்தவராயனும் மானசாவும் அந்தப் பிரம்மாண்டமான பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கேமராக்கள் பாய்ந்தன.

மானசா ஹிந்தியில் பேசினாள். நிறையப் பேசவில்லை.

"இதுதான் எங்க முதலாளி சொன்ன அண்டா. தமிழ்ல பெரிய பாத்திரத்துக்கு அந்தப் பேர். அவருக்கு ஹிந்தி அவ்வளவுதான் வரும். கேட்டு மனசு கஷ்டப்பட்ட எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறோம். சந்தேகம் இருந்தா உள்ள வாங்க, எங்க வேணும்னாலும் பாருங்க. அரைக்கிறவர் இவர்தான், காத்தவராயன். அவரையே கேளுங்க. யார்மேலயும் நாங்க பழி போடல."

கேமராக்கள் அண்டாவின் பக்கம் திரும்பின. பிறகு ஒரு நிருபர் 'களுக்' என்றார். இன்னொருவர் அண்டாவைத் தட்டிப் பார்த்தார். டங்...! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தாதாஜி கா அண்டா!" என்று அண்டாவோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளக் கூட்டம் முண்டியது. காத்தவராயன் தலையை வாரிக்கொண்டு நடுவில் நின்றார். பக்கத்துக் கடைக்காரர் திருப்பி அனுப்ப மூட்டை கட்டியிருந்த வெண்பஞ்சு பாக்கெட்டுகளை அவசரமாகப் பிரித்து அடுக்கினார்.

எம்.டி. கண் கலங்கிவிட்டது.

"மானசா... இனிமே உன்னக் கேக்காம ஒரு முடிவும் கிடையாது. மீட்டிங்ல எனக்குப் பக்கத்து சீட் உனக்குத்தான்!"

"தேங்க்ஸ் சார்."

"இந்த சந்தோஷத்துல நானும் ஹிந்தில ரெண்டு வார்த்தை..."

மைக்கை நோக்கிப் பாய்ந்தார்!

"நோ...!" மானசாவும் காத்தவராயனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

தஹியா விலங்கை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"மேடம், இத்தனை கலாட்டாவுக்கும் காரணம் இந்த ஆள்தானே? கையில் மாட்டட்டுமா?"

"கைய விட்டுடுங்க சார். வாய் சைஸ்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?"